பயணம் சொல்லாத வீடுகள்

துபாய் விசா முடியப்போகிற பதற்றத்தில் கொரோனா டெஸ்டுக்குக் கும்பகோணம் போனேன். வெளிநாடு போகிறவர்களுக்கு ஊசி போடும் அந்த கிளினிக்கில் யாரையும் உள்ளே விடவில்லை. வாசலில், காரிலேயே மூக்கில் குச்சி விட்டார்கள். டாக்டரம்மா வீடியோ காலில் பேசினார்.

"பயணம் சொல்லப் போனீங்களா?"

"இனிமேதான் டாக்டர். சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போகணும்."

"ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் போன்லயே சொல்லுங்க."

எரிச்சலாக வந்தது. எங்கள் ஊரில் வெளிநாடு கிளம்புமுன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்ளாதவனை மதிக்கத் தெரியாதவன் என்பார்கள். ஆஸ்துமாக்காரப் பெரியம்மா, "வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவே?" என்று போனை வைத்துவிட்டார். மாடியறையில் இருப்புக்கொள்ளாமல் நடந்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவே கூப்பிட்டார். எனக்குக் கொரோனா.

விசா போய்விட்டது. நேரில் வரவில்லை என்று பெரியம்மா இன்றும் திட்டுகிறார். கேட்கக் கேட்க நிம்மதியாக இருக்கிறது.