பரணில் ஒன்று, இடுப்பில் ஒன்று

ரெங்கம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில் எது முக்கியமான சாமானோ அது அடுப்புக்கு மேலேதான் இருக்கும். ஹல்துமுல்லைக்கு மேலே, மேகம் வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போகிற தேயிலைத் தோட்டம் அது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சேலையில் பூஞ்சணம், செருப்பில் பூஞ்சணம், சாமி படத்துக் கண்ணாடிக்கு உள்ளேகூட வெள்ளை பூத்துவிடும். அதனால் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கலியாணப் படம், எடுத்துவைத்த பாகல் விதை எல்லாமே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய், அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் ஏறிவிடும். அவளுடைய மாமியார் அப்படித்தான் வைத்தாள். வரிசையாய் ஒட்டிக் கட்டிய அந்த லயத்து வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். அவள் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த டின்னிலிருந்து ஒரு கடதாசிகூட நனைந்து வெளியே வந்ததில்லை. அந்தப் பெருமை ரெங்கம்மாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பெருமைப்பட வேறு எதைத்தான் வைத்திருந்தாள் பாவம். அதே லயத்தில் பிறந்து, அதே லயத்தில் வாழ்க்கைப்பட்டவள். தாலி கட்டிக்கொண்டு அஞ்சு வாசல் தள்ளிப் போனதுதான் ரெங்கம்மா போன பெரிய பயணம் என்று புருஷன் மாடசாமி கேலி செய்வார். அவர் வாயிலிருந்து வந்த கேலி அது ஒன்றாகத்தான் இருக்கும். வளர்ந்த தேயிலையைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேயிலைச் செடியோடு பேசுகிற அளவுக்குக்கூட மனுஷரோடு பேசமாட்டார். அந்தக் குறையை ரெங்கம்மா தீர்த்துவைத்தாள். கொழுந்து பறிக்கிற மலையில் அவள் வாய் திறந்தால் கங்காணி வேறு நிரைக்குப் போய்விடுவான்.

இந்த இரண்டு பேருக்கும் வெகுகாலம் பிள்ளை இல்லை. கதிர்காமத்துக்கு நடந்து, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்து, இனி அவ்வளவுதான் என்று ஊர் முடிவு கட்டிய பிறகு பிறந்தவள் சிவசக்தி. தாயின் வாயும் தகப்பனின் கண்ணும். யாரைப் பார்த்தாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவதை, கோழியை விரட்டும் அம்மாவை, கோயில் ஒலிபெருக்கியில் மூச்சுத் திணறும் தலைவரை. கொழும்புப் பக்கம் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய் ஒரு போன் வாங்கியதும், லீவுக்கு வரும்போதெல்லாம் இதே வேலை. போனை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு வீட்டில் நடக்கிறதை எல்லாம் பதிந்துகொள்வாள்.

அதில் ரெங்கம்மாவுக்கு உயிரானது செய்தி வாசிப்பு. "வணக்கம் நேயர்களே, இது லயத்து வானொலி" என்று தொடங்கி, அம்மா மழைக்கு இடுப்பில் சுற்றுகிற படங்கை மறந்துவிட்டு மலைக்குப் போன கதையைச் செய்தியாக வாசிப்பாள். வாசிக்கும்போது பின்னால் மாடசாமி இருமுவார். செய்தி வாசிப்பவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அடக்கப் பார்ப்பாள், முடியாது. அப்புறம் செய்தி ஏது, முழுக்கச் சிரிப்புத்தான்.

ஒரு லீவுக்குக் காய்ச்சலோடு வந்தாள். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து ஏறிய பிள்ளை, படுத்தபடி வீட்டுக்கு வந்தாள். இருபத்திமூன்று வயது. அதைப் பற்றி ரெங்கம்மாவே யாரிடமும் பேசியதில்லை. நாமும் அதைக் கிளற வேண்டாம்.

போன் மட்டும் மிஞ்சியது. அதன் பேட்டரி உப்பி, திரை பாதி கறுத்துப்போன பிறகு ஒருநாள் மாடசாமி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். ரெங்கம்மாவும் கூடப் போனாள். இப்றாஹீமின் கொமினிகேஷன் கடையில் போட்டோக் கொப்பி அடிப்பார்கள், ரீலோட் போடுவார்கள், செத்த போனுக்கு உயிர் வருமா என்றும் பார்ப்பார்கள். இப்றாஹீம் முழு மத்தியானமும் அதோடு மல்லுக்கட்டிக் குரல்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார். போன் அன்றோடு அடங்கிவிட்டது.

"பென்ட்ரைவ்ல போட்டுத் தர்றேண்ணே. ஆனா ஒன்னு போதாது. இந்தச் சாமான் எப்ப மண்டையப் போடும்னு..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் இப்றாஹீம். "ரெண்டுல போட்டுத் தர்றேன். ரெண்டையும் ஒரே எடத்துல வைக்காதீங்க. ஒன்னு போனாலும் மத்தது இருக்கும். என் கம்பியூட்டர்லயும் ஒரு கொப்பி கெடக்கட்டும்."

மாடசாமி தலையை ஆட்டினார். "கடையில வேணாங்க மொதலாளி. பொம்பளப் புள்ள கொரலு. நாலு பேரு வந்து போற எடம்."

அவர் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் படம் எங்கோ ஒரு கடையிலிருந்து வெளியேறி, போன் போனாகச் சுற்றி, அந்தக் குடும்பமே ஊரை விட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். இப்றாஹீமும் மனம் கோணவில்லை. அவருக்கும் பெண் பிள்ளைகள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பியூட்டரில் இருந்ததை அழித்துக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, மாரியம்மன் தாயத்தோடு இடுப்பில் கட்டிக்கொண்டார் மாடசாமி. மற்றதை ரெங்கம்மா சொப்பிங் பையில் இறுக்கிச் சுற்றி, டின்னுக்குள் போட்டுப் பரணில் ஏற்றினாள். இரண்டு, இரண்டு இடத்தில். சொன்ன புத்தியை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டு நடந்தவர்கள் அந்த டவுனுக்கு வந்துபோன சனங்களில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பென்ட்ரைவ் சொருகிப் பாட்டுக் கேட்கிற சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தது. மலையிலிருந்து வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்த பிறகு மாடசாமி இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதைச் சொருகுவார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் இரண்டு பேரும் உட்காருவார்கள். வணக்கம் நேயர்களே. ஓடுகிற வரைக்கும் ரெங்கம்மா வாயே திறக்கமாட்டாள். மாடசாமியின் இருமல் வரும் இடத்தில் அவரைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிரிப்பு முடிந்ததும் கழற்றி, துடைத்து, திரும்ப இடுப்பில் கட்டிக்கொள்வார். இப்படியே சில வருஷம் ஓடியது. அந்த நேரத்துக்கு மட்டும் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

ஒரு பகலில் கவ்வாத்து மலையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்த மாடசாமி எழும்பவில்லை.

குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். அவருடைய தம்பி தயாபரன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். "மதினி, இத என்ன செய்ய?"

குழிக்குள் வைக்க வெற்றிலைப் பையையும் பாக்குவெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள் ரெங்கம்மா. ஆளுக்குப் பிரியமானதை ஆளோடு அனுப்பாமல் விட்டால் அந்த மனம் வீட்டையே சுற்றும் என்பார்கள். அவருக்கு வெற்றிலையை விடப் பிரியமானது எது என்று அவளுக்குத் தெரியாதா? "ஏங்கிட்ட இன்னொன்னு இருக்கு. புள்ள அவரோடயே போகட்டும்" என்று சொல்லி, அந்தக் கயிற்றை அவள் கையாலேயே அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். பார்த்துக்கொண்டிருந்த பொம்பிளைகள் வாய்விட்டு அழுதார்கள். அவள் செய்தது சரி என்றுதான் எல்லோருக்கும் பட்டது.

கருமாதி முடிந்து, வந்த சனம் கலைந்து போன பிறகு, ரெங்கம்மா பரணிலிருந்து டின்னை இறக்கினாள். சொப்பிங் பை உருகி ஒட்டிப்போயிருந்தது. உரித்து எடுத்து, ரேடியோவில் சொருகினாள். சரியாகப் போகவில்லை, அழுத்திச் சொருகினாள். சத்தம் வரவில்லை. கழற்றி ஊதினாள், முந்தானையில் துடைத்தாள், திரும்பவும் சொருகினாள். ரேடியோ சும்மாவே இருந்தது.

தயாபரனையும் கூட்டிக்கொண்டு இப்றாஹீமின் கடைக்கு வந்தாள். இப்றாஹீம் அதைக் கையில் வாங்கினார். வளைந்திருந்தது. மூக்குக்குக் கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தார், புகை வாசம்.

"எங்கக்கா வச்சிருந்தீங்க?"

"பரண்லதான். ஈரம் படக்கூடாதுன்னு."

இப்றாஹீம் அதை மெல்ல நிமிர்த்திச் சொருகினார். தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தார். பதுளையில் இதையே தொழிலாகச் செய்கிற ஒருவரிடம் கொடுத்தனுப்பியும் பார்த்தார். அது போன மாதிரியே திரும்பி வந்த நாளில் இரண்டு பேரும் மறுபடி கடைக்கு இறங்கினார்கள். "ஈரம் மாதிரியேதான் சூடும், இதுக்கு ஆகாதுக்கா. வருஷக்கணக்கா அடுப்புக்கு மேல கெடந்திருக்கு. உள்ள ஒன்னுமில்ல" என்றார். அப்புறம் முகம் தெளிந்து, "அண்ணன் இடுப்புல கட்டியிருந்தாரே, அது எங்க?" என்று கேட்டார்.

ரெங்கம்மா தயாபரனைப் பார்த்தாள். தயாபரன் வாசலைப் பார்த்தான். "பொதைச்சிட்டேன்" என்றாள் அவள்.

கடையில் அன்று அழிக்காமல் விட்டிருக்கலாம். அதை இப்றாஹீம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தக் கம்பியூட்டரும் பழுதாகிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

ஏற்றத்தில் திரும்பிப் போகும்போது தயாபரன்தான் பேச்செடுத்தான். "மண்ணு இன்னும் எறுகலங்க மதினி. நீங்க ஒரு வார்த்த சொன்னா, நானும் ரெண்டு பேரும் போயி..."

ரெங்கம்மா நேராகப் புதைகாட்டுக்கு நடந்தாள். தேயிலைக்குக் கீழே, மகளுக்குப் பக்கத்தில் அவர். மழையில் மண் அமுங்கி, வைத்த மாலை சேறாகிக் கிடந்தது. ஒரு ஆள் ஆழத்துக்குக் கீழே, மூடிய கைக்குள்ளே, அந்தச் சிரிப்பு. அது இன்னும் உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். இந்த மழைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் இப்றாஹீமும் சொல்லியிருந்தார். இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவளுக்கு அது வேண்டும். பத்து விரலாலும் அந்த மண்ணைப் பறிக்க வேண்டும் போல இருந்தது. கீழே படுத்திருக்கிற மனுஷன்மேல் கோபம் வந்தது, அடுப்புமேல் வந்தது, தன் கைமேல் வந்தது. "படுபாவி, படுபாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து அழுதாள். தயாபரன் தள்ளி நின்றான்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "வேணாம், தயாபரா. அவரு வாயத் தொறந்து ஏங்கிட்ட ஒன்னுமே கேட்டதில்ல. கடைசியா நானா குடுத்தது அது ஒன்னுதான். கைய விரிச்சு அதப் புடுங்கச் சொல்றியா?"

தயாபரன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த சம்பளத்துக்கு டவுனுக்கு இறங்கியவள் மறுபடி இப்றாஹீமின் கடை வாசலில் வந்து நின்றாள். "மொதலாளி, நான் பேசுனா அந்தப் பென்ட்ரைவ்ல ஏறுமா?"

இப்றாஹீம் போட்டோக் கொப்பி மெஷினை நிறுத்தினார். கதவைச் சாத்தி, தன் போனை அவளுக்கு முன்னால் வைத்தார். ரெங்கம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். வருஷக்கணக்காகக் கேட்டது, ஒரு எழுத்து மறக்கவில்லை.

"வணக்கம் நேயர்களே. இது லயத்து வானொலி. செய்திகள் வாசிப்பது சிவசக்தி மாடசாமி. இன்று காலை ரெங்கம்மா அம்மையார் வழமை போல் படங்கை மறந்துவிட்டு மலைக்குப் போய்விட்டார். மழை வரும் என்று மகள் சொன்னதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அம்மையாரை யாராவது கண்டால், குடை ஒன்றோடு அனுப்பிவைக்குமாறு அவருடைய கணவர்..."

அங்கே நிறுத்திவிட்டாள். இப்றாஹீம் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த எடத்துல அவரு இருமுவாரு. அப்பறம் அவ சிரிப்பா." உதட்டைக் கோணி முயன்று பார்த்தாள், வந்தது வேறு ஏதோ சத்தம். "எல்லாம் வருது மொதலாளி. இது மட்டும் எனக்கு வரமாட்டேங்குது. அந்த எடத்த அப்பிடியே விட்டுருங்க."

இப்றாஹீம் போனை நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் ஓடும் என்று ரெங்கம்மாவுக்குத் தெரியும். அது முடிகிற வரைக்கும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் "போதும்" என்றாள்.

இடையில் அவள் அவரிடம் பேசியதையும் முயன்று பார்த்த சத்தத்தையும் மட்டும் வெட்டிவிட்டு, வெறுமையை அவர் அப்படியே வைத்தார். "எத்தன போட?"

"மூனு போடுங்க. ஒன்னு தயாபரன் வீட்டுக்கு. ஒன்னு இங்கயே கெடக்கட்டும்."

"பொம்பளக் கொரலாச்சேக்கா" என்றார் இப்றாஹீம், மெதுவாக.

"கெழவி கொரல எவன் தூக்கிட்டுப் போகப் போறான்."

மூன்றாவதை அவள் பரணில் ஏற்றவில்லை, இடுப்பிலும் கட்டவில்லை. அது ரேடியோவிலேயே சொருகிக் கிடக்கிறது. மலையிலிருந்து வந்து, தேத்தண்ணி குடித்த பிறகு போடுகிறாள். செய்தி ஓடுகிறது. மாடசாமி இருமுகிற இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. அப்போது ரெங்கம்மா கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைக்கிறாள்.