ரீவி பார்க்கத் தட்டத்தோடு சொன்னேன்

கண்டாவளையில் எங்கள் ஒழுங்கைக்கு முதல் ரீவி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். இதை இன்றைக்கும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன். அம்மா நிலத்தில் புதைத்த மிதிவெடி எடுக்கிற வேலைக்குப் போய் உழைத்து வாங்கியது அது. ஏழு மணி நாடகத்துக்கு ஒழுங்கை முழுக்க எங்கள் முன் அறையில் இருக்கும். பாய் கொண்டு வந்தவர்கள் பாயில், மற்றவர்கள் நிலத்தில், கிரிக்கெட் என்றால் யன்னல் கம்பியிலும் நாலு பேர். யார் முன்னுக்கு இருப்பது, யார் கதவடியில் நிற்பது என்பதெல்லாம் என்னுடைய தீர்ப்பு. என்னோடு கோபம் போட்ட பிள்ளைகளுக்கு அலுமாரிப் பக்கம்தான் இடம்; அங்கேயிருந்து பார்த்தால் பாதிப் படம் தெரியாது.

பிறகு வீட்டுக்கு வீடு ரீவி வந்தது. கூரைக்குக் கூரை டிஷ் வந்தது. கடைசியில் ஆளுக்கொரு போன் வந்தது. நாடகத்தை நினைத்த நேரம் போனில் பார்க்கலாம் என்றானபின் ஏழு மணிக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போயிற்று. எனக்குப் பதினொரு வயதாகும்போது எங்கள் ரீவியைப் பூப்போட்ட துணி மூடியிருந்தது. பட்டம் பறிபோன ராணி மாதிரி நான் திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் வேலைத்தலத்துக்குக் கமராவோடு ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு ஒளிபரப்புவார்களாம். சீனி விலை ஏறியதைச் சொல்வது போலத்தான் அம்மா இதைச் சொன்னார். "ஆர் இப்ப ரீவி பாக்கினம்?" என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா ரீவியில் வரப்போகிறார், பார்க்க ஆள் இல்லையாமா?

பார்க்க ஆள் இல்லாததுதான் அம்மாவுக்கு நிம்மதி என்பது எனக்கு எப்படித் தெரியும்? மல்லாவியில் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், தன் மகனை மிதிவெடிக்குப் பறிகொடுத்தவர். அப்பாவும் இல்லாத வீட்டில் அம்மா அந்த வேலைக்குப் போனால், பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவர் ஒரேயடியாகச் சொல்லியிருந்தாராம். அதனால் வேலைத்தலத்துக் குசினியில் சமைக்கிறேன் என்று அம்மா அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேட்டறிந்தவை.

கலியாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு என்றால் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டத்தோடு வீடு வீடாகப் போய்ச் சொல்வது எங்கள் வழக்கம். அப்படிச் சொன்ன வீட்டுக்குப் போகாமல் விட்டால் மரியாதையில்லை. சனிக்கிழமை அம்மா சந்தைக்குப் போனதும் சாமியறைத் தட்டத்தை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். சிலர் சிரித்தார்கள். தங்கள் வீட்டிலேயே பார்க்கிறோம் என்றார்கள். நான் தட்டத்தை நீட்டியபடியே நின்றேன். குங்குமத்தைத் தொட்ட பிறகு வரமாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மல்லாவிக்குத் தட்டம் கொண்டு போக வழியில்லாததால், அம்மா வீட்டில் விட்டுப்போன போனில் மாமாவுக்குச் சொன்னேன். அம்மாவை ரீவியில் காட்டப்போகிறார்கள் என்றேன். என்ன வேலையில் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை பழைய கூட்டத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். ஒரு வீட்டார் பட்டுச்சேலையில் வந்தார்கள். மாமா கதலி வாழைப்பழச் சீப்போடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, தங்கச்சிக்குச் சின்னனிலேயே நல்ல கைப்பக்குவம் என்று முன்வரிசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றடியிலிருந்து வந்த அம்மா, கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, மாமாவைப் பார்த்து வெளிறிப்போய் நின்றார்.

"ரீவி பழுதண்ணை" என்றார் மெல்ல.

"இல்லையம்மா, இப்பதானே போட்டுப் பாத்தனான்" என்று நான் அழுத்தினேன். அறிவு கெட்ட பிள்ளை!

ஐந்து மணிக்கு ரீவியில், நீல அங்கியும் முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும் போட்ட ஒருவர் முழங்காலில் இருந்து மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். மாமா படத்தில் குசினியைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு அந்த மறைப்பு மேலே போனது, அம்மாவின் முகம் வந்தது. சனங்கள் தங்கள் காணிக்குப் பயமில்லாமல் திரும்பி வரவேண்டும் என்று திரையில் அம்மா சொன்னார். எல்லாமாக இரண்டு நிமிடம். விளம்பரம் வந்தபோது கூட்டம் ரீவியை விட்டுவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. வேலிச் சண்டையில் எங்களோடு இரண்டு வருடம் பேசாதிருந்த முன்வீட்டுக்காரி, "எங்கட ஒழுங்கைப் பிள்ளையெல்லே" என்றார். எனக்கு அங்கேயே பறக்கலாம் போலிருந்தது.

மாமா மட்டும் தலை நிமிரவில்லை. எல்லோரும் போன பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"எத்தினை வருசம்?"

"நாலு, அண்ணை."

"பயமில்லையோ?"

"பயம்தான். அதாலதான் இன்னும் பிழை விடேல்லை."

மாமா என்னைப் பார்த்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போகவா வேண்டாமா என்று அவர் யோசித்த பார்வை அது என்று இப்போது படுகிறது. அப்போது நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். நாளைக்கும் வேலையோ என்று அம்மாவைக் கேட்டார். ஓம் என்றார் அம்மா. கவனமாகப் போ என்று சொல்லி எழும்பியவர், போகாமல் நின்று, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஒவ்வொரு விரலாக மெல்லத் தொட்டார்.

ரீவியில் வந்த கையைத் தொட்டுப் பார்க்க மாமாவுக்கும் ஆசை என்று, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நான் பெருமையாகக் கண்ணைக் காட்டினேன். அவர் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு விளங்கவில்லை.