பிளேனுக்குப் பெயிண்ட் அடித்தவருக்கு ஊட்டிய சோறு

அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்த இரண்டாவது மாதமே, என் அண்ணனுக்கு ஓர் இன்லாண்ட் கடிதம் எழுதி ஒட்டி டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். "இந்த மனுசன் பேசவே மாட்டேங்காரு. வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போ" என்பதுதான் விஷயம். தபால்பெட்டி எங்கள் தாராவிச் சந்து முனையில்தான் இருந்தது. போடத்தான் இன்னும் மனசு வரவில்லை.

அவர் கெட்டவரில்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் வாய் இருப்பது சாப்பிட மட்டுந்தான் என்று நினைத்த பிறவி. சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் பிளேனுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு சொல் அவரிடமிருந்து பெயர்ந்ததில்லை. காலையில் மாஹிம் ஸ்டேஷனுக்கு நடப்பார், சாயங்காலம் வருவார், சோற்றைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். ஊரில் வாயாடி என்று பேர் வாங்கிய நான் இங்கே அடுப்போடு பேசிக்கொண்டிருந்தேன். எனக்கென்று வந்து வாய்த்தது பாருங்கள்!

அப்போதுதான் அவர் கம்பெனியில் பிளேன்களுக்கெல்லாம் பழைய நிறத்தை எடுத்துவிட்டுப் புது நிறம் அடிப்பது என்று முடிவானது. முதல் பிளேன் ஷெட்டுக்குள் வந்த மூன்றாம் நாள், சாப்பிட உட்கார்ந்தவர் குழம்பில் கை வைத்ததும் 'ஸ்ஸ்' என்று உதறினார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. ஒரு மருந்து நாற்றம் வேறு.

"என்னாச்சு?"

"ரிமூவர்."

அவ்வளவுதான் பதில். நாற்றம் போகட்டும் என்று எலுமிச்சை மூடியை எடுத்துத் தேய்த்தேன். மனுசன் துள்ளிக் குதித்துவிட்டார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஸ்பூன் கொடுத்தேன். பாதியை மடியில் சிந்தினார். மூன்றாம் வாய்க்குள் என் பொறுமை போய்விட்டது.

"கொண்டாங்க இங்க. வாயைத் திறங்க" என்று தட்டை இழுத்து, பிசைந்து ஊட்டினேன்.

கதவு திறந்து கிடந்தது. எதிர்வீட்டுப் பாயின் சம்சாரம் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, மாப்பிள்ளைக்கு இன்னும் பல்லு மொளைக்கலியா?" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். அவர் தலை குனிந்துகொண்டார். ஆனால் வாயை மூடவில்லை.

அடுத்த கவளத்தை நான் கையிலேயே வைத்துக்கொண்டேன். "ரிமூவர்னா என்னன்னு சொன்னாத்தான் இது."

அவர் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழைய பெயிண்டை உரிக்கிற மருந்து. மொதல்ல ஜன்னலு, ஓட்டை எல்லாத்தையும் பேப்பர் ஒட்டி அடைச்சிருவோம். பொறவு மருந்தைத் தடவிட்டுக் காத்திருக்கணும். பாலாடை மாதிரி பெயிண்ட் சுருங்கி எந்திரிக்கும்."

"அருவாமனை வச்சுச் சுரண்டுவியளா?"

"அய்யய்யோ! தகடு மெல்லிசுல்லா. கீறல் விழுந்தா தொலைஞ்சோம். மரக்கட்டைதான். எனக்குத் தந்த ரப்பர் கிளவுஸ் கிழிஞ்சிட்டு, அதான் கை இப்படி."

அவர் என்னோடு தொடர்ந்து பேசிய முதல் பேச்சு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி என்று சமாளித்தேன்.

அன்றிலிருந்து தினமும் இதே பேரம். உரித்து முடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, பிளேன் வெறும் தகடாக நின்ற கதை ஒரு நாள் சோற்றுக்கு. மறுநாள் முதல் பூச்சு. "பச்சையுமில்லாம மஞ்சளுமில்லாம ஒரு நிறம்" என்றார்.

"பச்சப்புள்ள பேண்ட மாதிரியா?" என்று கேட்டுவிட்டேன், அவர் வாயில் சோறு இருக்கும்போது! சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். நல்ல சிரிப்பு.

அப்புறம் மேல்பாதிக்கு வெள்ளை. "அடிவயித்துக்கு?" "பாலிஷ் மட்டுந்தான். பெயிண்டும் பாரந்தான்ளா. வாலுல திரும்புத பலகையக்கூட தனியாக் கழத்தி அடிச்சு, எடை சமனா நிக்குதான்னு பாத்துத்தான் மாட்டுவோம்." இவ்வளவு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டா இந்த மனுசன் ஊமையாக இருந்தார் என்று கோபங்கூட வந்தது.

தினமும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டதில் கை ஆறிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் பயம். கை ஆறிவிட்டால் தட்டு அவர் பக்கம் போய்விடும், பேச்சும் போய்விடும். ஈரக்காற்று அடித்தால் பெயிண்ட் காயாது என்று ஒருமுறை சொல்லியிருந்தார். மழை வந்து வேலையாவது இழுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வானம் பளிச்சென்று கிடந்தது.

ஜன்னலோரக் கோடு முடிந்தது. எழுத்துகளும் முடிந்தன. ஒரு சாயங்காலம் வாசலிலேயே நின்று, "வேலை முடிஞ்சுட்டு. நாளைக்குப் பறக்குது" என்றார்.

பெட்டிக்குள் கிடந்த கடிதம் ஞாபகம் வந்தது. அவர் தண்ணீர் டிரம் பக்கம் போய், நகத்தில் ஒட்டிய வெள்ளைப் பெயிண்ட் போக எலுமிச்சை மூடியைப் பத்து விரலிலும் அழுத்தித் தேய்த்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. முகம் சுளிக்கவில்லை, ஒரு 'ஸ்' இல்லை. கை நன்றாகவே ஆறிவிட்டது.

சோற்றைப் போட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவர் தட்டைப் பார்த்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் எரியுதுளா" என்றார்.

எலுமிச்சை வாசம் கமகமவென்று அடித்தது. "அப்படியா? பாவந்தான்" என்று தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "கோடு எப்படிப் போட்டியள்னு சொல்லுங்க மொதல்ல."

மறுநாள் காலையில் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தேன். அடுத்த பிளேன் ஷெட்டுக்குள் வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அவருக்குக் கை எரிந்துகொண்டே இருந்தது.