ஒளிந்திருப்பவன் கட்சி

ஏற்காட்டில் லாட்ஜ் வண்டி ஓட்டும் வேலுசாமியைத் தங்கமான மனுஷன் என்பார்கள். யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் டிவியில் பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படம் ஓடினால் போதும், மனுஷன் கொலைகாரன் கட்சிக்குப் போய்விடுவார். துப்பறிகிறவன் டார்ச் அடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினால் இவருக்கு வியர்க்கும். "ஓடுறா, ஓடித் தொலைடா" என்று வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு விடிகாலை, குப்பனூர் ரோட்டில் கண்ணை மறைக்கும் பனிமூட்டம். அவர் ஓட்டிய ஜீப்பில் ஓர் ஆள் அடிபட்டு விழுந்த சத்தம் கேட்டது. வேலுசாமி நிறுத்தவில்லை. பயம்தான், வேறென்ன! செத்தவர் தலைச்சோலை கிராமத்துச் சித்தன் என்பது மறுநாள் தெரிந்தது. இடித்தது யார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து மூட்டம் இறங்கினாலே அந்தச் சத்தம் அவர் காதில் விழும். சோற்றில் கை வைத்திருந்தாலும் விழும்.

சித்தனின் மனைவி பாவாயிக்கு லாட்ஜில் அறை கூட்டும் வேலை வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். அவள் வாய்க்கு வாய் "அண்ணா" என்று உருகும்போதெல்லாம் இவர் வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். சொல்லிவிடலாம் என்று ஆயிரம் தடவை வாயெடுத்திருப்பார், வார்த்தை வராது.

போன ஆடியில் ஒரு மத்தியானம், ஆள் வரத்தில்லாமல் லாட்ஜில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டிவியில் ஒரு பழைய படம். வேலுசாமியும் பாவாயியும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆத்திரத்தில் முதலாளியைக் கொன்றுவிட்ட தோட்டக்காரன், மகளுக்கு வாங்கிய பொம்மையோடு பீரோவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நிற்கிறான். போலீஸ் பூட்ஸ் சத்தம் நெருங்குகிறது.

பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவமுங்கண்ணா. வேணும்னா செஞ்சான்? தப்பிச்சுப் போயிரட்டுமுங்க."

வேலுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளே சொல்லிவிட்டாளே! இப்போது விட்டால் இனி எப்போது? டிவியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஜீப், மூட்டம், சத்தம், நிறுத்தாமல் போனது.

படத்தில் அவன் தப்பித்தானா, மாட்டினானா என்று இருவருமே கவனிக்கவில்லை.

"இந்தப் படத்துல செத்தவன் நடிச்சு முடிச்சதும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருப்பானுங்க," என்றாள் கடைசியில். "அதனாலதான் இவனுக்காக அழுதேன்."

பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "நீங்க போறப்ப அவருக்கு உசுரு இருந்துச்சுங்களா?"

வேலுசாமி வாயைத் திறந்தார். இறங்கிப் பார்த்திருந்தால் அல்லவா சொல்வதற்கு!