முதுகுக்குப் பின்னால் மூடிய கை

ஃபின்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை இருக்கிறது. சுவரில் தொங்கும் தாளில் பெயர் எழுதி முறை பிடிக்க வேண்டும். போன மாதம் ஒரு நாள் காலை, அங்கே துணி மடித்தபடி பாடிக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் மூன்றாம் மாடி லீசா, கூடையோடு நிற்கிறார். அறுபது வயதிருக்கும். எத்தனை நேரமாக நின்றாரோ, என் முறை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ‘அன்டேக்சி, அன்டேக்சி’ என்று மன்னிப்புக் கேட்டுத் துணிகளை வாரினேன். சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கீழ்க்கூடத்துக்கு வரச் சொன்னார். புகார்தான் என்று நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் பார்த்தேன். குடியிருப்போர் கூட்டமாம், நான் அரை மணி நேரம் பாடப் போகிறேனாம். பயம் இன்னும் கூடியது.

திண்டிவனத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஒன்பது வருஷம் பாடினவள் நான். மயிலம் பங்குனி உத்திரம், விழுப்புரத்துக் கல்யாண ரிசப்ஷன், வல்லம் பக்கத்துக் கூழ் ஊற்றும் திருவிழா என்று வேனில் சுற்றினவள். இங்கே ஐந்து வருஷமாக ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றுகிறேன். நான் பாடகி என்பது என் வீட்டுக்காரரைத் தவிர இங்கே ஒருவருக்கும் தெரியாது. சனிக்கிழமை தோற்றுப்போனால் நானும் அதை மறந்துவிட வேண்டியதுதான். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வெளியே வந்து பிழைக்கிறவர்களுக்குப் புரியும்.

எங்கள் குழுவுக்கு ஒரே சட்டம். கூட்டம் சத்தம் போடும்வரை கவலையில்லை, விசிலும் பேச்சும் நின்றால் ஆபத்து. அப்போது பாடுகிறவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மூடிக் காட்ட வேண்டும். பின்னால் கீபோர்டில் இருக்கும் செல்வம் அண்ணன் அதைப் பார்த்ததும் பாட்டைப் பாதியில் வெட்டி, வேறு பாட்டுக்குத் தாவிவிடுவார். மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம், மாசி மகம். சாமி தீர்த்தவாரிக்கு வரத் தாமதம். உச்சி வெயிலில் ஜனம் மணலில் நிற்கிறது. முந்தின வருஷம் வந்த குழுவை மேடையைவிட்டே இறக்கிவிட்ட ஊர் அது. நான் மெதுவாக ஓர் அம்மன் பாட்டை எடுத்தேன். நாலு வரியில் கூட்டம் அடங்கிப்போனது. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு வெறித்துப் பார்த்தார்கள். முன்வரிசையில் மீன் கூடையோடு இருந்த ஓர் அம்மா, “இன்னாம்மா, இது இன்னா எழவு ஊடா?” என்று கத்தினார்.

“மாத்துமா, ஜல்தியா மாத்து. அடி உழப்போவுது” என்றார் செல்வம் அண்ணன்.

கையை மூடிக் காட்டினேன். மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி நேராக அந்த அம்மாவிடம் போனேன். “யக்கா, தெருவுல மீன் கூவுவீங்களே, அப்பிடியே ஒருவாட்டி கூவுங்க” என்று மைக்கை நீட்டினேன். முறைத்தவர், சட்டென்று அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல் விட்டார். செல்வம் அண்ணன் அந்தச் சுருதியைக் கீபோர்டில் பிடித்தார், நான் அதிலிருந்தே அடுத்த பாட்டைத் தொடங்கினேன். அப்புறம் சாமி வந்தும் எங்களை விடவில்லை அந்த ஊர்.

அந்தத் தைரியத்தோடுதான் சனிக்கிழமை கூடத்தில் நின்றேன். வீட்டுக்காரர் போனில் டிராக் போடுகிறார். கையை மூடினால் அடுத்த பாட்டு என்று சொல்லி வைத்திருந்தேன். அதே அம்மன் பாட்டு. முப்பது பேரும் ஆடாமல் அசையாமல் பார்த்தார்கள். இருமல்கூட இல்லை. கையை மூடினேன். குத்துப்பாட்டு. அதற்கும் அதே மௌனம். மூடினேன். இன்னொன்று. கடைசியாக மைக்கை லீசாவிடம் நீட்டினேன். அவர் முகம் சிவந்து தரையைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோனது.

“இன்னாத்துக்கு எல்லாத்தையும் பாதில பாதில நிறுத்திக்கினு இருந்த?” என்றார் வீட்டுக்காரர்.

“ஒருத்தராவது அசைஞ்சாங்களா? நீ பாக்கல?” என்று அவர்மேல் பாய்ந்தேன். இனிமேல் பாடுவதில்லை என்று அழுதுகொண்டே படுத்தேன்.

அடுத்த வாரம் துவைக்கும் அறைக்கு லீசா வந்தார். தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: “நாங்கள் ஏதாவது தவறு செய்துவிட்டோமா? முதல் பாட்டில் நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. நீ நிறுத்திவிட்டாய். எங்களைப் பிடிக்கவில்லையா?” எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மீன்காரம்மாவுக்குப் பாடிய பாட்டை நிறுத்தினேன், சரி. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் நிறுத்தியிருக்கிறேன்.

லீசா இயந்திரத்தை அணைத்தார். மீதியைப் பாடு என்றார். துணிமூட்டைகளுக்கு நடுவில் முதலிலிருந்து தொடங்கினேன். அவர் அசையவில்லை. சரணம் வந்தது. மறுபடி அதே மௌனம். நிறுத்தவில்லை, பாடினேன். கடைசி வரியில்தான் கவனித்தேன். என் இடது கை முதுகுக்குப் பின்னால் போய், வெட்டச் சொல்லி இறுக மூடியிருந்தது, திண்டிவனத்தில் இருக்கும் செல்வம் அண்ணனுக்கு.