காதறுந்த கேசட்டும் திறக்காத பெட்டியும்

சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது சிலுவைராஜ் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, மேசை விசிறியின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தார்.

முதலில் 'கீஈஈ...' என்று நீளமாக ஒரு கூவல். அப்புறம் தகரத்தை ரம்பம் போட்டு அறுப்பதுபோல் 'கர்ர்ர், கிர்ர்ர்' என்று ஓயாத இரைச்சல். வேறு யாராக இருந்தாலும் குக்கர் வெடிக்கப் போகிறது என்று வாசலுக்கு ஓடியிருப்பார்கள். சிலுவைராஜ் மட்டும் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி ரசித்தார். என்ன சுத்தமான பதிவு! நூறு குழந்தைகள் அழுதாலும் தன் குழந்தையின் அழுகை பெற்றவனுக்குத் தெரியாதா? அது அவருடைய கம்ப்யூட்டர் புரோகிராமின் குரல். கேசட்டில் பதிந்த புரோகிராமை டேப் ரிக்கார்டரில் ஓட்டினால் இப்படித்தான் கத்தும். மூன்று வாரம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு எழுதி, போன திங்கட்கிழமைதான் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்.

அது எதற்காகச் சமையலறையில் பாடுகிறது என்று அவர் யோசிப்பதற்குள் உர்சுலாவின் அலறல் வந்தது.

"ஐயோ, எட்மண்டு! என் தம்பி குரலு எங்க?"

சிலுவைராஜின் கை விசிறிக்குள்ளேயே நின்றுவிட்டது. எட்மண்ட்! ஒன்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர்.

சிலுவைராஜுக்குச் சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர் வேலை. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ், பிற்பகல் மூன்றரைக்கு பஃபலோ ரோட்டு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி. அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான உத்தியோகம் ஆரம்பிக்கும். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் மற்றவர்கள் காலால் தள்ளிவிட்டுப் போவதை அவர் இரண்டு கையாலும் ஏந்தி வருவார். பக்கத்து வீட்டு ரஷீதாவின் மிக்ஸி, கீழ்மாடிச் சீனத் தாத்தாவின் டிரான்சிஸ்டர் என்று புளோக்கிலுள்ள நோயாளிகள் எல்லாம் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

வைத்தியத்தோடு யோசனையும் இலவசம். கேசட் நாடா தொளதொளத்தால் பென்சிலை விட்டுச் சுற்று. டேப் ரிக்கார்டரின் தலை அழுக்கானால் பஞ்சில் ஓடிகொலோன் தொட்டுத் துடை. டிவியில் படம் உருண்டால் இடப்பக்கம் தட்டு, மறந்தும் வலப்பக்கம் தட்டாதே. மாதா கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரின் கைக்கடிகாரத்துக்கு ஒரு யோசனை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஒரு தடவை கோயில் மைக்கை அவர் சீர்படுத்திக் கொடுத்தார். மறு ஞாயிறு, சாமியாரின் பிரசங்கம் நடுவே, அதே ஒலிபெருக்கியில் ஒரு டாக்சிக் கம்பெனிக்காரர் சீனத்தில் பேசினார். அதற்குப் பிறகு மைக் அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

உர்சுலா பதினான்கு வருடமாக இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தாள். தொட்டில் ஆடாத வீடு. அந்த வெறுமையை அவர் ஒயரும் ஸ்குருவும் கொண்டு நிரப்புகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சோபாவில் கிடக்கும் ஸ்குரு குத்தினாலும் முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்வாள்.

அந்த வீட்டில் அவர் திறந்து பார்க்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். படுக்கையறை அலமாரியின் உச்சியில், பழுப்புத் தாள் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெட்டி. 'ஸ்டோர் சாமான், தொடாதே' என்பார். உர்சுலாவும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூசி தட்டி அங்கேயே வைத்துவிடுவாள்.

இப்போது அந்த உர்சுலா, கேசட்டை உயர்த்திப் பிடித்தபடி கூடத்தில் வந்து நின்றாள். கண்ணில் நீர் தளும்பியது.

"என்னங்க செஞ்சீங்க இத?"

"அது நம்ம பழைய கேசட்டு தானே? பேர்கூட எழுதல..."

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு தூத்துக்குடிக் கப்பல்காரத் தம்பி ஒருத்தர் கையில குடுத்தாரு. எட்மண்டு பேசி அனுப்புனது. உங்ககிட்ட சொல்ல பயம். தனியா கேக்கவும் பயம். அதான் உங்க கேசட்டுப் பெட்டியிலேயே ஒளிச்சு வச்சேன்."

"என் பெட்டியிலயா! அங்க போயா ஒளிப்பே?"

"நீங்கதானே படிச்சுப் படிச்சு சொன்னீங்க? கேசட்டு முதுகுல ரெண்டு பிளாஸ்டிக் காது இருக்கும், பிரியமானதுன்னா காத ஒடச்சிடு, அப்புறம் ஒருத்தனும் அதுமேல பதிய முடியாதுன்னு! வாங்குன கையோட ஒடச்சேன்லா. தேங்காய் கீறுற கத்தியால!"

சிலுவைராஜ் கேசட்டை வாங்கித் திருப்பினார். காது ஒடிந்த குழியின்மேல் ஒரு துண்டு செலோடேப் பளபளவென்று ஒட்டியிருந்தது. அவரே ஒட்டியது. திங்கட்கிழமை கையில் வெற்றுக் கேசட் இல்லை. புரோகிராமைப் பதியாமல் கம்ப்யூட்டரை அணைத்தால் அத்தனையும் அழிந்துபோகும். காதறுந்த கேசட்டுகளில் பேரில்லாத ஒன்றைத் தேடி எடுத்தார். ஊருக்கெல்லாம் காதை உடைக்கச் சொன்னவருக்கு, உடைந்த காதை ஒட்டவைக்கும் தந்திரமும் தெரிந்திருந்தது. அந்தத் தந்திரத்தை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

"எவ்வளவு நேரம் அழிஞ்சிருக்கு?" என்றாள் அவள், செத்த குரலில்.

"நாலு நிமிஷந்தான். மிச்சம் அப்படியே இருக்கும் லா. வா, கேப்போம்."

இருவரும் சமையலறையில் முக்காலி போட்டு டேப் ரிக்கார்டரின் முன் உட்கார்ந்தார்கள். இரைச்சல் ஓய்ந்தது. டக் என்று ஓர் ஓசை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு எட்மண்டின் குரல், ஒரு பேச்சின் பாதியிலிருந்து எழுந்தது.

"...அதுக்கு நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான். இல்லேன்னா விட்டுருங்க, நான் வருத்தப்பட மாட்டேன். சரி, ஊர்ல இந்த வருஷம் மழையே இல்ல, உப்பு நல்லா வெளஞ்சிருக்கு..."

அப்புறம் இருபத்தாறு நிமிடமும் உப்பு, மீன்விலை, பெண்டாட்டி வைக்கும் மீன்குழம்பு, கோயில் கொடிமரத்துக்குப் பெயின்ட் அடித்த கதை. எதற்குச் சம்மதம் என்று மறுபடி ஒரு வார்த்தை இல்லை.

"எதுக்குங்க சம்மதம் கேக்குறான்?" உர்சுலா நெஞ்சில் கை வைத்தாள். "அப்பா வீட்ட விக்கப் போறானா? இல்ல சாமியாராப் போறானா?"

"கல்யாணம் ஆனவன் எப்படி சாமியாராப் போவான்?"

"நீங்க பேசாதீங்க! ஒரு ரேடியோவத் தெறந்து என் தம்பியத் தொலச்சீங்க. இப்ப கேசட்ட மூடி மறுபடியும் தொலச்சிட்டீங்க!"

சொல் சுருக்கென்று தைத்தது. உண்மைதானே. எட்மண்ட் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு இவர்களோடுதான் தங்கியிருந்தான். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி. இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும். வர்ணனை கேட்பதற்கென்றே எட்மண்ட் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புது ரேடியோ வாங்கி வைத்திருந்தான். 'இன்னும் தெளிவா கேக்க வைக்கிறேன் மாப்ளே' என்று சிலுவைராஜ் அன்று காலை அதைத் திறந்தார். ஆட்டம் தொடங்கியபோது ரேடியோ நாற்பத்தேழு துண்டாகச் செய்தித்தாள்மேல் கிடந்தது. இந்தியா ஜெயித்ததைத் தேக்கா சந்தையில் மறுநாள் கோழிக்காரர் சொல்லித்தான் எட்மண்ட் தெரிந்துகொண்டான். அந்த மாதமே ஊருக்குக் கப்பல் ஏறியவன் ஒரு வரி எழுதவில்லை.

"அப்படி என்ன பெரிய பொக்கிஷத்த அதுல பதிஞ்சீங்க?" உர்சுலா விடவில்லை.

சிலுவைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பட்டறையை விட்டுப் போன வெள்ளைக்கார இன்ஜினியரிடம் வாங்கிய கம்ப்யூட்டர் அது. சோற்று டப்பா அளவு, ரப்பர் பொத்தான்கள், திரைக்குப் பதில் வீட்டு டிவி. அதற்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். கட்டம்போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தாகப் புள்ளி வைத்து, அதற்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்.

"டிவியில தமிழ் எழுத்து வர மாதிரி ஒரு புரோகிராம். முதல்ல வந்த வார்த்தை... உன் பேரு. பொறந்தநாளைக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

உர்சுலா ஒரு கணம் திகைத்தாள். மறுகணம் மூக்கை உறிஞ்சினாள். "என் பேர ஐ.சி. அடையாள கார்டுலயே பாத்துக்குவேன்."

"அது இங்கிலீஷ்ல இருக்கும்."

"அஞ்சு மணிக்குப் பதில் வாங்க அந்தத் தம்பி வருவாரு. இங்கிலீஷ்ல சொல்றதா தமிழ்ல சொல்றதான்னு நீங்களே பேசிக்குங்க."

ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தனசேகரன், சரக்குக் கப்பலில் சமையல்காரர், எட்மண்டின் பக்கத்துத் தெருக்காரர். ஆறரைக்குக் கிளிஃபர்ட் பியர் படகுத்துறையில் படகு பிடிக்க வேண்டும் என்று வாசலிலேயே சொன்னார். உர்சுலா காப்பி கொடுத்தாள். கோப்பையைவிடச் சாசரில்தான் காப்பி அதிகம்.

சிலுவைராஜுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இரைச்சல், செலோடேப் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தனசேகரன் வாய்விட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுருக்கிய? பொத்தான அமுக்குனதே நான்தான! மெசினத் தொட்டா அத்தான் ஞாபகம் வருதுன்னு அவன் தொடமாட்டேன்னுட்டான். எதுக்க உக்காந்து கேட்டவன் நான். ஒரு சொல்லு மறக்கல."

உர்சுலாவின் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஒளி வந்தது. "சொல்லுங்க தம்பி! இல்ல, இருங்க. வாயால சொன்னா போதாது. அது இருந்த எடத்துலயே இருக்கணும். அந்த நாலு நிமிஷத்துலயே பதியணும்."

சிலுவைராஜ் திடுக்கிட்டார். அந்த நாலு நிமிடத்தில் அவருடைய மூன்று வாரம் இருக்கிறது. முதலில் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற நாலு நிமிடம், வேறு கேசட்டுக்கு மாற்ற நாலு நிமிடம். எட்டே நிமிடம் போதும். படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 'எட்டு' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

உர்சுலா டேப் ரிக்கார்டரின் முன்னால், திவ்விய நற்கருணை வாங்கக் காத்திருப்பவளைப்போல் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடம் காத்தவள். அவளிடம் போய் இன்னும் எட்டு நிமிடம் கேட்பதா?

திறந்த வாயை மூடிக்கொண்டார். நாடாவை முதலுக்குச் சுற்றினார். சிவப்புப் பொத்தானை அழுத்தும்போது விரல் ஒருமுறை தயங்கியது. கட்டம்போட்ட நோட்டு இருக்கிறது, போ, என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டு அழுத்தினார்.

"மொதல்ல மூணு தடவ இருமினான்," என்று கிசுகிசுத்தார் தனசேகரன்.

"அதுவும் வேணும்," என்றாள் உர்சுலா.

தனசேகரன் மூன்று தடவை இருமினார். அப்புறம் எட்மண்டாகவே மாறிவிட்டார்.

"அக்கா, நல்லாருக்கியா? அத்தான் பக்கத்துல இருந்தா அவுகளும் கேக்கட்டும். அத்தான், ஒம்பது வருசமும் நான் கோவமா இல்ல. மொத ரெண்டு வருசந்தான் கோவம். மிச்சம் ஏழு வருசம் வெக்கம். ஒரு ரேடியோவுக்காகக் கூடப்பொறந்தவள விட்டுட்டு வந்தவன்னு எந்த மொகத்தோட எழுத?..." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த எடத்துல அவன் அழுதான். நான் அழணுமா அக்கா?"

"வேணாம் தம்பி," என்றாள் உர்சுலா. அவளே அழுதுகொண்டிருந்தாள். அதுவும் பதிவானது.

"போன மாசம் எனக்கு மக பொறந்திருக்கா அக்கா. உன் மூக்கு. ஞானஸ்நானத்தத் தள்ளி வச்சிருக்கேன். ஞானத்தாயா நீயும் ஞானத்தகப்பனா அத்தானும்தான் இருக்கணும். வர முடியலேன்னா உங்க பேர்ல இங்க ஆள் நின்னு பிள்ளையை ஏந்திக்கலாம்னு சாமியார் சொல்லிட்டாரு. உங்களுக்குப் பிள்ளை இல்லேன்னு இனிமே யாரும் சொல்லக் கூடாது. சீரா வேற ஒண்ணும் வேண்டாம். ஞானத்தகப்பன் பிள்ளைக்கு ஒரு ரேடியோ வாங்கித் தரணும். கடையில வாங்குன பெட்டியோட. அத்தான் அதத் தெறக்கப்படாது..."

நாலாவது நிமிடம் முடிந்ததும் சிலுவைராஜ் பதிவை நிறுத்தி, நாடாவை ஓடவிட்டார். அடுத்த நொடியில் பழைய நாடா தொடர்ந்தது: "...அதுக்கு நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான்."

ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. செலோடேப்பை நகத்தால் உரித்து எறிந்துவிட்டு அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அலமாரி உச்சிப் பெட்டி. பழுப்புத் தாளைப் பிரித்தார். உள்ளே கடை முத்திரை கிழியாத புத்தம்புது ரேடியோ.

"எழுபத்தஞ்சுல, அவன் போன மறுமாசம் வாங்குனது. அனுப்ப விலாசம் கேட்க உன்கிட்ட வாய் வரல," என்றார் உர்சுலாவிடம். "இத ஒண்ணத்தான் நான் தெறக்கல."

உர்சுலா பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒன்பது கிறிஸ்துமஸ் தூசி தட்டியிருக்கிறாள்! முந்தானையால் பெட்டியைத் துடைத்து, தன் கையால் தனசேகரனிடம் கொடுத்தாள்.

"இதான் தம்பி எங்க பதிலு. சம்மதம்னு சொல்லுங்க. ரெண்டு பேருக்கும்."

"பாடுமா அண்ணாச்சி?" என்றார் தனசேகரன், பெட்டியைக் கையில் எடைபார்த்தபடி.

"யாருக்குத் தெரியும்? தெறந்து பார்க்கலையே." சொன்ன வாய் மூடுவதற்குள் சிலுவைராஜின் கண்ணில் அந்தப் பழைய மினுக்கம் வந்துவிட்டது. கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் ஸ்குருடிரைவரைத் தொட்டது. "ஒன்பது வருஷம் சும்மா இருந்த சாமான். உள்ள துரு ஏறியிருக்கும் லா. ரெண்டே நிமிஷம் தம்பி, பின்பக்கம் மட்டும் கழட்டி..."

"தம்பி, ஓடுங்க!" என்று கத்தினாள் உர்சுலா.

தனசேகரன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் லிஃப்டை நோக்கி ஓடினார். உர்சுலா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.