சுவரைப் பார்த்த தலைகள்

இது நடந்தது. நான் எதையும் இருமுறை சரிபார்க்கிற ஆள். பகலில் டிராம் பணிமனை, மாலையில் வரலாற்று வகுப்பு, படுக்கும் முன் அன்றைய குறிப்பு. அந்த இரவைப் பற்றி எழுதியதைப் பலமுறை அடித்துத் திருத்தியிருக்கிறேன், கண் ஏமாற்றியிருக்கலாம் என்று. ஆனால் அன்று என் உயிர் போயிருக்க வேண்டும். அதில் மட்டும் சந்தேகமில்லை.

கோடை வந்தால் எங்கள் குழு ரஷ்யாவின் நோவ்கொரோத் சதுப்பில் இறங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் செத்து அப்படியே கிடப்பவர்களைத் தோண்டி எடுத்து முறையாகப் புதைப்போம். அந்த ஜூனில், பீரங்கி ஷெல் விழுந்து மூடிய ஒரு பள்ளத்தில் ஏழு பேர் கிடைத்தார்கள். ஆறு சிப்பாய்கள். ஒரு அதிகாரி. அதிகாரியின் விரல் எலும்புகளுக்குள் ஒரு ரிவால்வர். பிடியில் வெள்ளித் தகடு: 'கேப்டன் லுகனோவுக்கு, உறுதிக்காக.'

குழுத் தலைவர் கிரில் அதன் விசையை இடுக்கியால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. துரு அதை ஒரே இரும்புக் கட்டியாக்கியிருந்தது.

"சாகுற வரைக்கும் பசங்களை விட்டுட்டு ஓடல பாரு. அதான்டா கேப்டன்," என்றார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அடக்கம். அதற்கு முந்தின மாலை ஊர் மன்றக் கூடத்தில் சிவப்புத் துணி சுற்றிய பெட்டிகளை மூடாமல் வைத்தோம். மேடையில் கேப்டன். கீழே வரிசையாக ஆறு பேர், மண்டையோடுகள் மேடையைப் பார்த்தபடி. அணிவகுப்பு போல இருக்கட்டும் என்றார் கிரில். ரிவால்வரைக் கேப்டனின் நெஞ்சருகே வைத்தார். காலையில் போலீஸ் வந்து வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு கிளாஸ் வோட்கா, அதன்மேல் கறுப்பு ரொட்டி, இறந்தவர்களுக்கு எங்கள் வழக்கப் படையல்.

புதைக்கும்வரை இறந்தவர்களைத் தனியே விடக் கூடாது. காவல் என் தலையில் விழுந்தது.

"வோட்காவுல கை வெச்சே, எழுந்து வந்து காதைத் திருகுவாங்க," என்றாள் தமாரா. எலும்புகளைக் கழுவுவது அவள் வேலை.

"ஏழு பேருக்கு ஏழு கிளாஸ். எனக்கு?"

"உனக்கு டீ. படிக்கிற புள்ள நீ."

சிரித்துக்கொண்டே போனார்கள். நான் கதவை உள்ளே தாழிட்டேன். எங்கள் பக்கம் ஜூனில் இரவு இருட்டாவதில்லை. சாம்பல் நிற வெளிச்சம் ஜன்னலில் அப்படியே நின்றது. அதனால்தான் சொல்கிறேன், எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தேன்.

மணி ஒன்று இருபது.

கிளிக்.

மேடையிலிருந்து வந்தது. ஏறிப் பார்த்தேன். ரிவால்வர் வைத்த இடத்திலேயே இருந்தது. இறங்கித் திரும்பினால், கடைசிப் பெட்டியின் மண்டையோடு மேடையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லாரி ஏதாவது போய்த் தரை அதிர்ந்திருக்கும். அதை நேராகத் திருப்பி வைத்தேன்.

கிளிக்.

அது மறுபடி சுவரைப் பார்த்தது. பக்கத்தில் இருந்ததும்.

தமாராவை போனில் எழுப்பினேன்.

"மண்டையோடெல்லாம் கழுவினியே... பின்பக்கம் ஏதாவது இருந்துச்சா?"

"இந்நேரத்துலயா கேப்ப? சின்ன ஓட்டை இருந்துச்சு. ஷெல் சிதறல்."

"எத்தனை பேருக்கு?"



"ஆறு பேருக்கும். பிடரியில... ஒரே இடத்துல." பிறகு மெதுவாக, "மத்வேய், நீ வெளிய வா," என்றாள்.

கிளிக்.

மூன்றாவது திரும்பியது. நான் பார்க்கும்போதே திரும்பியது.

கிளிக்... கிளிக்...

கதவுக்கு ஓடினேன். தாழ் நகரவில்லை.

கிளிக்.

ஆறு பேரும் சுவரைப் பார்த்திருந்தார்கள்.

அதன் பிறகு அமைதி. மிக நீண்ட அமைதி.

எப்போது நடந்தேன் என்று தெரியாது. என் மூக்குக்கு நேரே நீலச் சுவர். நானும் சுவரைப் பார்த்து நின்றிருந்தேன். கைகள் தாமாகவே பின்னால் கட்டிக்கொண்டிருந்தன.

பிடரியில் ஏதோ தொட்டது.

வட்டமாக... சில்லென்று.

கிளிக்.

வேறொன்றும் நடக்கவில்லை.

தமாராவும் கிரிலும் கதவை உடைத்து உள்ளே வந்தபோது நான் இன்னும் சுவரைப் பார்த்தே நின்றிருந்தேன்.

"அண்ணே, அவங்களை கேப்டனோட புதைக்காதீங்க. இவர்தான் சுட்டிருக்கார். திரும்பி நிக்க வெச்சு, பின்னாலருந்து," என்றேன்.

கிரில் குனிந்து என் வாயை முகர்ந்தார். பிறகு தமாராவைப் பார்த்தார். அவள் ஓட்டைகளைப் பற்றிச் சொன்னாள்.

"சரி, இருக்கட்டும்," என்றார் கடைசியில். "பாதிரியார் வந்துட்டார். மரியாதை வேட்டு போடப் பட்டாளம் வந்து நிக்குது. கேப்டனோட பேத்தி ரெண்டு நாள் ரயில்ல பூவோட வந்திருக்கா. அந்தப் பொண்ணுகிட்ட நீ போய்ச் சொல்றியா?"

போய்ச் சொன்னேன். அவள் என் கன்னத்தில் அறைந்தாள்.

ஏழு பேரையும் ஒரே குழியில் இறக்கினார்கள். மேலே ஒரே கல். அதில் ஒரே பெயர், லுகனோவ். மற்ற ஆறு பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போலீஸ் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

"தம்பி, ரிவால்வரை அறுத்துத்தான் பிரிச்சோம். உள்ள ஆறு சுட்டு முடிச்ச வெறும் தோட்டாக் கூடு. ஏழாவது வெடிக்கல. ஆனா அதுல அடிபட்ட தடம் இருக்கு. மத்ததெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு, அந்தத் தடம் மட்டும் பளபளன்னு புதுசா இருக்கு. உங்கள்ல யாரு இதை இழுத்துப் பார்த்தது?"

"யாராலயும் அசைக்கவே முடியல," என்றேன். "அது... செத்துப்போன தோட்டாதானே சார்?"

"அப்படித்தான் நாங்களும் நெனச்சோம். சோதனைக்காக இன்னொரு தடவை அடிச்சுப் பார்த்தோம்," என்றார் அவர். "வெடிச்சுது."